ரூஸ்வெல்ட்டைச் சுற்றி வளர்ந்த கதைகள்

நான்கு முறை அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயித்த ஒரே மனிதர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அப்படிப்பட்டவரைப் பற்றிக் கதைகள் கிளம்பாமல் இருக்குமா? அவரைக் கொண்டாடுகிறவர்கள், எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்ட மேதை என்பார்கள். கரித்துக்கொட்டுகிறவர்கள், எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்ட சதிகாரர் என்பார்கள். திட்டமிட்டார் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சந்தேகமே இல்லை. ஆவணங்களில் தென்படுகிற ஆள் வேறு மாதிரி. ஓட்டுக் கணக்கில் கெட்டிக்காரர். முடிவெடுப்பதைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போடுவதில் அதைவிடக் கெட்டிக்காரர்.

அவருக்கு முன்னால் இருந்தவரிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம். 1929இல் பங்குச்சந்தை சரிந்தபோது அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார் என்பது பலரும் நம்புகிற கதை. முதல் உலகப்போரில் பட்டினி கிடந்த பெல்ஜியத்துக்கு உணவு அனுப்பிப் பேர் வாங்கிய சுரங்கப் பொறியாளர் அவர். சும்மா உட்காரத் தெரியாத ஆள். அக்டோபரில் சந்தை விழுந்தது. நவம்பரிலேயே ஹென்றி ஃபோர்டு உள்ளிட்ட பெருமுதலாளிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, தொழிலாளர் சம்பளத்தில் கைவைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். விழுவதெல்லாம் விழட்டும், தானாகச் சரியாகும் என்ற உபதேசத்தைப் பலர் ஹூவர் தலையில் கட்டுகிறார்கள். அது நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலன் சொன்னது என்பதற்கு ஹூவரின் நினைவுக் குறிப்புகள்தான் ஆதாரம். அந்த யோசனையைத் தான் ஏற்கவில்லை என்று சொல்வதற்காகவே அவர் அதை எழுதினார். 1932 தொடக்கத்தில், தள்ளாடிய வங்கிகளுக்கும் ரயில் கம்பெனிகளுக்கும் கடன் கொடுக்க 50 கோடி டாலர் மூலதனத்தில் மறுசீரமைப்பு நிதிக் கழகத்தை உருவாக்கினார். ரூஸ்வெல்ட் பிற்பாடு அதே கழகத்தைத்தான் பெரிதாக்கிப் பயன்படுத்திக்கொண்டார்.

அதற்காக ஹூவரைத் தியாகியாக்க வேண்டியதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் வேண்டாம் என்று மனுப் போட்டும், 1930இல் இறக்குமதி வரியை ஏற்றிய ஸ்மூட்-ஹாலி சட்டத்தில் கையெழுத்திட்டார். பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த 1932இல் வருமான வரியின் உச்ச விகிதத்தை 25 சதவீதத்திலிருந்து 63க்கு உயர்த்தினார். வேலை இழந்தவன் கையில் மத்திய அரசு நேரடியாகக் காசு கொடுப்பது மட்டும் கூடவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். தகரக் கொட்டகைச் சேரிகளுக்கு ‘ஹூவர்வில்’ என்று ஜனங்கள் பெயர் வைத்தது சும்மா அல்ல. அவர் நிறையவே செய்தார். செய்ததில் பாதி எதிர்த்திசையில் போய்விட்டது.

அடுத்த கதை, மந்தத்தை ஒழிக்கும் ‘புதிய ஒப்பந்தம்’ என்ற முழுத் திட்டத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ரூஸ்வெல்ட் 1932 தேர்தலுக்கு வந்தார் என்பது. அந்த அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் அவர் பேசியதைப் படித்தால் ஹூவர் பேசுகிறாரோ என்று தோன்றும். அரசாங்கச் செலவைக் குறைப்பேன், பற்றாக்குறையை ஒழிப்பேன் என்பதுதான் பேச்சு. மத்திய அரசின் செலவில் கால்பங்கை வெட்டுவோம் என்று அவருடைய கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் இருந்தது. பதவிக்கு வந்த மார்ச் 1933இலேயே ஊழியர் சம்பளத்தையும் முன்னாள் படைவீரர் பென்ஷனையும் வெட்டவும் செய்தார். அதே மாதம் வங்கிகளைக் காப்பாற்றிய அவசரச் சட்டத்தின் பெரும்பகுதியை எழுதிக்கொடுத்தவர்கள், ஹூவரின் நிதித்துறையிலிருந்து இன்னும் வீட்டுக்குப் போகாத அதிகாரிகள். நிவாரண வேலைகளுக்காகக் கடன் வாங்கிச் செலவு செய்த ரூஸ்வெல்ட் அதன் பிறகு வந்தவர்.

1936இல் மறுபடி பிட்ஸ்பர்க்கில் பேச வேண்டி வந்தபோது, பழைய பேச்சை எப்படிச் சமாளிப்பது என்று உரை எழுதித் தரும் சாமுவேல் ரோசன்மனைக் கேட்டாராம். ‘நீங்கள் பிட்ஸ்பர்க்குக்கு வந்ததே இல்லை என்று சொல்லிவிடுங்கள்’ என்பது ரோசன்மனின் பதில். நம்மூர் மேடைப் பேச்சாளர்களுக்கும் இப்படி ஒரு ரோசன்மன் வாய்த்தால் தேவலை.

மந்தத்தை ஒழித்தது புதிய ஒப்பந்தமா? பாதி உண்மை. வேலையின்மை குறைந்தது நிஜம். ஆனால் 1937இல் பற்றாக்குறைக்குப் பயந்து செலவைச் சுருக்கியதும் மறுபடி எகிறியது. அதை முற்றாக அடக்கியது போர்த் தளவாடத் தொழில்.

அவர் கால் ஊனத்தை நாட்டுக்குத் தெரியாமல் மறைத்தார் என்பதும் முழு உண்மையல்ல. 1921இல் 39 வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது ஊரறிந்த செய்தி. 1934 முதல் அவருடைய பிறந்தநாளன்று ஊர் ஊராக நடன விருந்து வைத்து, அந்த நோய்க்காகவே நிதி திரட்டினார்கள். மறைக்கப்பட்டது ஊனத்தின் அளவு. சக்கர நாற்காலியைப் படமெடுக்கப் பத்திரிகைகளை விடவில்லை. 1936இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த கட்சி மாநாட்டில் மேடைக்குப் போகும் வழியில், முதிய கவிஞர் எட்வின் மார்க்கமோடு கைகுலுக்கத் திரும்பியபோது கால் கவசம் நழுவி விழுந்தார். சுற்றியிருந்தவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். சில நிமிடங்களில் ஒரு லட்சம் பேருக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் முறை நின்றதன் மூலம் அவர் சட்டத்தை மீறினாரா? மீறுவதற்கு அன்று அப்படியொரு சட்டமே இல்லை. இரண்டு முறை போதும் என்பது ஜார்ஜ் வாஷிங்டன் ஏற்படுத்திய வழக்கம், அவ்வளவுதான். அதைச் சட்டமாக்கிய 22ஆவது திருத்தம் 1951இல், ரூஸ்வெல்ட் இறந்து ஆறாண்டுகள் கழித்துத்தான் நடைமுறைக்கு வந்தது. மக்கள் தாமாகப் பொங்கி அவரை அழைத்தார்கள் என்ற எதிர்க்கதையும் சரிப்படாது. 1940 ஜூலையில் சிகாகோவில் நடந்த கட்சி மாநாட்டில், எனக்குப் பதவி ஆசை இல்லை, நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம் என்ற அவருடைய செய்தி வாசிக்கப்பட்டது. அரங்கம் திகைத்து நிற்க, ஒலிபெருக்கியில் ஒரு குரல் ரூஸ்வெல்ட்தான் வேண்டும் என்று விடாமல் முழங்கியது. அரங்கின் அடித்தளத்தில் மைக்கோடு உட்கார்ந்திருந்தவர் சிகாகோ மேயரின் ஆள். நகரத்தின் சாக்கடைத் துறைக் கண்காணிப்பாளர்.

அடுத்தது பெர்ல் துறைமுகம். ஜப்பான் தாக்கப்போவது தெரிந்தே விட்டுவிட்டார் என்ற புகாருக்கு வயது எண்பதைத் தாண்டியாகிவிட்டது. அமெரிக்கா அன்று படித்துக்கொண்டிருந்தது ஜப்பானின் தூதரகச் சங்கேதத்தை. போர் நெருங்குகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. எங்கே விழும் அடி என்பது அதில் இல்லை. தென்கிழக்கு ஆசியாவில்தான் பாய்வார்கள் என்று வாஷிங்டன் நினைத்தது. நவம்பர் 27 அன்றே ஹவாய்த் தளபதிகளுக்குப் போர் எச்சரிக்கை போனது. சதிக்கதை தடுக்கி விழுகிற இடம் இன்னொன்று உண்டு. ரூஸ்வெல்ட் போரிட விரும்பிய எதிரி ஜெர்மனி. 1941 டிசம்பர் 8இல் அவர் நாடாளுமன்றத்திடம் கேட்டதோ ஜப்பான்மீதான போர்ப் பிரகடனம் மட்டும். 11ஆம் தேதி ஹிட்லர் தானாக வந்து போர் அறிவித்திராவிட்டால் அந்தச் சதித்திட்டம் என்னவாகியிருக்கும்?

பெர்ல் துறைமுகச் சந்தேகம் 1944 தேர்தலையே புரட்டிப் போட்டிருக்கக்கூடும். குடியரசுக் கட்சி வேட்பாளர் தாமஸ் டூயிக்குச் சங்கேதம் உடைந்த விஷயம் கசிந்திருந்தது. பிரசாரத்துக்காக டல்சா நகரில் இருந்தவரிடம், ராணுவத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷலின் கடிதத்தோடு சாதாரண உடையில் ஒரு கர்னல் வந்து நின்றார். ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டால் மட்டும் மேலே படிக்கலாம் என்றது கடிதம். டூயி சில வரிகளோடு நிறுத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டார். சில நாளில் இரண்டாவது கடிதம் வந்தது: ஜப்பான் இன்னும் அதே சங்கேதத்தைத்தான் பயன்படுத்துகிறது, விஷயம் வெளியானால் நம் வீரர்கள் சாவார்கள். ரூஸ்வெல்ட் குற்றவாளி என்று மனதார நம்பியவர் டூயி. அப்படியிருந்தும் மேடையில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தோற்றும் போனார்.

அதே தேர்தலுக்காக வேறு பலர் காத்திருக்க வேண்டியிருந்தது. 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் ஆணையால், மேற்குக் கடற்கரையின் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1.2 லட்சம் பேர் முள்வேலி முகாம்களுக்குள் தள்ளப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். ராணுவத் தேவை என்று சொல்லித்தான் அடைத்தார்கள். ஆபத்து நீங்கியதும் திறந்துவிட்டதாகவே பலரும் நம்புகிறார்கள். ஆனால் அந்தத் தேவை இனி இல்லை என்று போர் அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் 1944 மே மாதமே அமைச்சரவையில் சொல்லிவிட்டார். கலிஃபோர்னியா ஓட்டுகளை நினைத்து ரூஸ்வெல்ட் அசையவில்லை. தேர்தல் நவம்பர் 7. முகாம்வாசிகள் ஊர் திரும்பலாம் என்ற அறிவிப்பு டிசம்பர் 17. விசுவாசமான குடிமக்களை அடைத்து வைக்க முடியாது என்று மறுநாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றைக்கே இன்னொரு வழக்கில், அவர்களை ஊரைவிட்டு வெளியேற்றியது செல்லும் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது.