உயிர் காக்கும் கல்விக்கு ஒரு தேர்வு



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவன் நான். வினாத்தாள் தயாரிப்பதும் விடைத்தாள் திருத்துவதுமாகவே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, எனக்குத் தெரிந்த தேர்வைப் பற்றியே எழுதலாம் என்று எண்ணினேன். ஆனால் இது பள்ளித் தேர்வு அன்று. நின்றுபோன இருதயத்தை மீண்டும் இயங்க வைக்கத் தெரியுமா என்று பார்க்கும் தேர்வு.

மறக்க முடியாத மாலை

2012ஆம் ஆண்டு நவராத்திரியின்போது ஒரு நாள் மாலை, பிரசாத வரிசையை ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்த எங்கள் தொண்டூழியர் ஒருவர் தூணோரம் சாய்ந்து விழுந்தார். சுற்றிலும் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தோம். ஒருவர் விசிறினார். ஒருவர் முகத்தில் நீர் தெளித்தார். ஓர் அம்மையார் நெற்றியில் திருநீறு இட்டார். விட்டுவிட்டு மூச்சு இழுத்ததைக் கண்டு, “மூச்சு இருக்கிறது, பயமில்லை” என்றார் இன்னொருவர். நான் அவருடைய தலையை மடியில் தாங்கிக்கொண்டு அமர்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ் விரைவாகத்தான் வந்தது. ஆயினும் அவர் பிழைக்கவில்லை.

பள்ளியில் முதலுதவிப் பாடம் நடத்தியவன் நான். கரும்பலகையில் படம் வரைந்து விளக்கி, மாணவர்களுக்கு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். மதிப்பெண் போட்ட அதே கைகள் அன்று சும்மா இருந்தன. அவர் இழுத்தது உண்மையான மூச்சு அன்று என்பதும், இருதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் அப்படி மூச்சு இழுப்பதுண்டு என்பதும் பிற்பாடுதான் எனக்குத் தெரிய வந்தது.

தம்பி மகளுக்கு வைத்த தேர்வு

சில ஆண்டுகளுக்குப் பின், தாதியாகப் பணிபுரியும் என் தம்பி மகள் ஒரு தடித்த புத்தகத்துடன் வீட்டுக்கு வந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறுவதற்கு ஏ.சி.எல்.எஸ். சான்றிதழ் வேண்டுமாம். உயர்நிலை இருதய உயிர்காப்புப் பயிற்சி என்று அதனைத் தமிழில் கூறலாம். “பெரியப்பா, நீங்கள் கேள்வி கேளுங்கள், நான் பதில் சொல்கிறேன்” என்றாள். ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு இதைவிட மகிழ்ச்சி வேறு என்ன இருக்க முடியும்?

“திரையில் நேர்க்கோடு தெரிகிறது. மின்னதிர்ச்சி கொடுப்பாயா?” என்று கேட்டேன்.

“கூடாது பெரியப்பா. சினிமாவில்தான் அப்படிக் காட்டுவார்கள். இருதயம் ஒழுங்கின்றி நடுங்கும்போதும், நாடி இல்லாமல் மிதமிஞ்சிய வேகத்தில் துடிக்கும்போதும்தான் மின்னதிர்ச்சி பயன்படும். நேர்க்கோடு என்றால் மார்பை அழுத்த வேண்டும், அட்ரினலின் 1 மில்லிகிராம் கொடுக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் கொடுக்கலாம். அதோடு காரணத்தையும் தேட வேண்டும்.”

அந்தக் காரணங்களையும் அவள் மனப்பாடமாகச் சொன்னாள். ஆங்கில ‘எச்’ எழுத்தில் ஐந்து, ‘டி’ எழுத்தில் ஐந்து. இரத்த இழப்பு, பிராணவாயுக் குறைவு, உடல் குளிர்ந்துபோதல், நுரையீரல் இரத்தக்குழாயில் அடைப்பு, நஞ்சு என்று பட்டியல் நீண்டது.

அவள் எழுதிய அமெரிக்க இருதயச் சங்கத்தின் தேர்வில் 50 வினாக்கள். 84 விழுக்காடு, அதாவது 42 சரியான விடைகள் இருந்தால்தான் தேர்ச்சி. அவள் 48 எடுத்தாள். ஆனால் செய்முறைத் தேர்வில் முதல் முறை தவறிவிட்டாள்.

அந்தத் தேர்வில் பொம்மைதான் நோயாளி. தேர்வெழுதுபவர் குழுவின் தலைவராக நின்று, யார் மார்பை அழுத்துவது, யார் மூச்சுக் கொடுப்பது, யார் மருந்து செலுத்துவது என்று ஆணையிட வேண்டும். ஆணையைக் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திரையில் இருதயத்தின் நிலை மாறிக்கொண்டே இருக்கும். மின்னதிர்ச்சி கொடுத்ததும் உடனே மார்பை அழுத்தத் தொடங்கி, இரண்டு நிமிடங்கள் கழித்தே திரையைப் பார்க்க வேண்டும். என் தம்பி மகளோ, என்ன ஆயிற்றோ என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். குழுவினரும் அவளுடன் சேர்ந்து நின்றுவிட்டனர். அழுத்தம் நிற்கும் இடைவெளி பத்து வினாடியைத் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டது.

“விடை எனக்குத் தெரியும் பெரியப்பா. ஆனால் கை நின்றுவிட்டது” என்று கண்கலங்கினாள். எனக்கு அந்த நவராத்திரி மாலை நினைவுக்கு வந்தது. அன்று நாற்பது பேரின் கைகள் நின்றன. பொம்மையிடம் கை நின்றால் மறுதேர்வு உண்டு. மனிதரிடம் நின்றால் மறுதேர்வு ஏது? அன்றிரவு அவளிடம் அதைத்தான் சொன்னேன். மறுமுறை அவள் தேர்ச்சி பெற்றாள்.

ஈராண்டுக்கு ஒருமுறை ஏன்?

பட்டம் வாங்கினால் ஆயுள் முழுவதும் செல்லும். இந்தச் சான்றிதழோ இரண்டே ஆண்டுகளுக்குத்தான் செல்லும். காரணம் இரண்டு. பழகாத கை சில மாதங்களிலேயே மறக்கத் தொடங்கிவிடும் என்பது ஒன்று. பாடமே மாறுகிறது என்பது மற்றொன்று. 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர், மார்பை வெளியிலிருந்து அழுத்தியே இரத்த ஓட்டத்தைக் காக்கலாம் என்று வெளியிட்டனர். அவர்களுள் கூவன்ஹோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர். 2005இல் 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்றிருந்த கணக்கு, 30க்கு 2 என மாறியது. நேர்க்கோடு நிலைக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த அட்ரோபின் மருந்து 2010இல் நீக்கப்பட்டது. பழைய பாடத்தில் நூறு மதிப்பெண் வாங்கியவரும் மீண்டும் படிக்கத்தான் வேண்டும்.

அறுபதுக்கு மேல் என் தேர்வு

இந்த உயர்நிலைப் பயிற்சி மருத்துவர்களுக்கும் தாதியர்க்கும் உரியது. ஆயினும் அதன் அடித்தளம் சிபிஆர் என்னும் மார்பழுத்தம். விழுந்தவரின் அருகில் இருப்பவர் அதைத் தொடங்காவிட்டால், பின்னால் வரும் மருந்தும் மருத்துவரும் பெரும்பாலும் பயன்படாமல் போவர். ஆகவே நானும் சிங்கப்பூரில் நடைபெற்ற ஒரு பொதுமக்கள் வகுப்பில் சேர்ந்தேன். பிறருக்குத் தேர்வு வைத்தவனுக்கு அன்று உள்ளங்கை வியர்த்தது. “ஐயா, முழங்கை மடங்குகிறது. இன்னும் ஆழமாக அழுத்துங்கள்” என்றார், என் மாணவர் வயதுடைய பயிற்றுநர். திருத்திக்கொண்டேன். தேர்ச்சியும் பெற்றேன்.

உங்களுக்கு ஐந்து வினாக்கள்

1. ஒருவர் விழுந்துவிட்டார், தட்டி அழைத்தும் அசைவில்லை. முதலில் என்ன செய்வது? ஒருவரை 995ஐ அழைக்கச் சொல்லுங்கள், மற்றொருவரை ஏ.இ.டி. கருவி கொண்டுவரச் சொல்லுங்கள். “யாராவது” என்னாமல் ஆளைச் சுட்டிச் சொல்லுங்கள். மலேசியாவில் எண் 999.

2. மூச்சு இழுத்து இழுத்து வந்தால்? அதை இயல்பான மூச்சு என்று கொள்ளாதீர்கள். மார்பை அழுத்தத் தொடங்குங்கள்.

3. எங்கே, எப்படி அழுத்துவது? மார்பின் நடுவில், எலும்பின் கீழ்ப்பாதியில், கைகளை நேராக நீட்டி, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும்.

4. மார்பில் சந்தனமும் வியர்வையும் இருந்தால்? கருவியின் ஒட்டுப்பட்டைகள் ஈரத்தில் சரியாக ஒட்டா. விரைந்து துடையுங்கள், சங்கிலியை ஒதுக்குங்கள். விழுந்தவர் பெண் என்று தயங்க வேண்டாம். துணியால் மறைத்துக்கொண்டு செய்யலாம்.

5. கருவி இயக்கத் தெரியாவிட்டால்? திறந்தவுடன் அதுவே வழி சொல்லும். மின்னதிர்ச்சி தேவையில்லை என்றால் கொடுக்காது. சிங்கப்பூரில் 2015 முதல் வீடமைப்புப் பேட்டைகளின் மின்தூக்கித் தளங்களில் இக்கருவிகள் பொருத்தப்பட்டு வருகின்றன. உங்கள் புளோக்குக்கு அருகில் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

ஐந்துக்கும் விடை தெரிந்தவருக்கு முழு மதிப்பெண் போட எனக்கு ஆசைதான். ஆனால் போட மாட்டேன். விடை தெரிந்தும் கை நின்றதைக் கண்டவன் நான். வகுப்பில் முழந்தாளிட்டுப் பொம்மையை அழுத்திப் பார்த்தவருக்கே அந்த மதிப்பெண்.

அன்னதானத்துக்கும் திருப்பணிக்கும் வாரி வழங்கும் நல்லுள்ளங்களை இவ்வாண்டு ஒன்று வேண்டுகிறேன். குடும்பத்தில் ஒருவர், ஒரு நாள், இந்த வகுப்புக்குச் சென்று வாருங்கள். நம் சந்நிதியில் இனி ஒருவர் விழ நேர்ந்தால், சுற்றி நிற்கும் நாற்பது பேரில் இரண்டு கைகளாவது உடனே இயங்கட்டும். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.