மூளைத் தமனியின் சுவர்

மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனி பழுதுற்றதா என்பதை மருத்துவர் நெடுங்காலம் அதன் உள்வழியை நோக்கியே கணித்து வந்தனர். சாயமருந்தைச் செலுத்தி எக்ஸ் கதிர்ப்படம் எடுத்தால் குருதி ஓடும் வழியும், அது குறுகிய இடமும் தெரியும். சுவரோ தெரியாது. வழி குறுகாதிருப்பின் தமனி நலமுடையது என்று கொள்ளுதல் வழக்கமாயிற்று.

அக்கொள்கை முழுமையுடையதன்று என்பதை 1987ஆம் ஆண்டில் சீமோர் கிளாகோவ் குழுவினர் இதயத் தமனிகளை ஆராய்ந்து காட்டினர். கொழுப்புப் படியுந்தோறும் தமனி முதலில் வெளிப்புறமாக விரிந்து கொடுக்கிறது. குறுக்குவெட்டில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைப் படிவு கொள்ளும் வரை உள்வழி பெரிதும் சுருங்குவதில்லை. மூளைத் தமனிகளிலும் இவ்விரிவு நிகழ்தல் பின்னர்ப் புலனாயிற்று. எனவே, 'அடைப்பு ஏதுமில்லை' என்ற சொல்லைக் கேட்டு ஆறுதலோடு இல்லம் திரும்பும் முதியவரின் தமனிச் சுவரில் பக்கவாதத்தின் வித்து மறைந்திருத்தல் கூடும்.

இம்மறைவைக் காட்ட வல்லது, எம்.ஆர்.ஐ. என நாம் வழங்கும் காந்த ஒத்ததிர்வுப் படிமம். உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தப்புலத்தில் ஒழுங்குறுகின்றன. வானொலி அலைத்துடிப்பு அவற்றை நிலைபெயர்க்கிறது. மீளுங்கால் அவை எழுப்பும் மெல்லிய அலையே படமாகிறது. சுவரைக் காண வேண்டின், ஓடும் குருதியின் அலையையும் புறத்தே சூழ்ந்த மூளைத் தண்டுவட நீரின் அலையையும் அடக்குவர். இருபுறமும் இருள, நடுவே சுவர் வளையமாய்த் தோன்றும். இதனைக் 'கருங்குருதிப் படிமம்' எனலாம். குருதி கருத்துவிடுவதாக மாணவர் மயங்க வேண்டா. கருமை படத்தில் மட்டுமே.

இடர் இல்லாமல் இல்லை. நடு மூளைத் தமனியின் விட்டமே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். நலமான சுவர் அரை மில்லிமீட்டரினும் மெல்லியது. படத்தின் நுண்கூறு ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஆதலின் நலமான சுவரும் தடித்ததுபோல் தோன்றும். முதியவர் பல நிமிடங்கள் தலை அசையாது கிடத்தல் வேண்டும். முதுகு நோவும் இருமலும் உடையார்க்கு அஃது எளிதோ?

அமெரிக்காவில் 1987 முதல் 1989 வரை நான்கு ஊர்ப்பகுதிகளில், 45 முதல் 64 அகவை வரையுள்ள 15,792 பேரைச் சேர்த்துத் தொடங்கப்பெற்ற 'ஏரிக்' ஆய்வினை ஈண்டுக் குறிப்பிடல் தகும். அவர்களுள் முதுமை எய்திய ஒரு பகுதியினர்க்கு 2011-2013 காலத்தில் இச்சுவர்ப் படிமம் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் படிவு காணப்பட்டது.

கொழுப்புப் படிவு பெரும்பாலும் ஒருபுறம் தடிக்கும். அழற்சியாயின் பெரும்பாலும் சுற்றிலும் சீராகத் தடிக்கும். கடோலினியம் மருந்தேற்றியபின் ஒளிரும் படிவு, அண்மையில் பக்கவாதம் விளைத்த தமனியில் மிகுதியாகக் காணப்படுகிறது. எனினும் படிவுடைய முதியவர் அனைவரும் பக்கவாதம் உறுவதில்லை. குருதியழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவற்றோடு சேர்த்தே மருத்துவர் அப்படத்தைப் படிக்கின்றனர்.