கணினிக் கணக்கைச் சோதித்து ஏற்றல்

நமது சங்கங்கள் பலவற்றில் பேரேடு கணினிக்கு மாறிவருகிறது. சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் ரூ. 2,516 கோடித் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. கணினியில் கணக்கை நடத்தும் மென்பொருளைச் சோதிப்பது வல்லுநர் வேலை என்று அங்கத்தினர் பலர் ஒதுங்கி நிற்கின்றனர். அது சரியன்று.

பிரிட்டிஷ் அஞ்சல் அலுவலகங்களில் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. 2015இல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் 8,000 பவுன் ரொக்க வரவைப் பதிகையில் திரை அசையாதிருக்கவே, பொத்தான் மீண்டும் மீண்டும் அழுத்தப்பட்டது. வரவு நான்கு முறை பதிவாகி, கையிருப்பில் 24,000 பவுன் குறைவதாகக் கணக்குக் காட்டிற்று. அவ்வூரில் பிழை வெளிப்பட்டது. பிற ஊர்களிலோ, 2015க்குள் துணை அஞ்சல் அதிபர்கள் முதலான 900க்கு மேற்பட்டோர் இம்மென்பொருள் காட்டிய ‘குறைவு’ காரணமாகக் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறையும் புகுந்தனர். 2024இல் தனிச் சட்டம் இயற்றியே நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை நீக்க வேண்டியதாயிற்று.

நமது சங்கத்திலும் ரொக்கம் குறைந்தால் முதலில் சந்தேகிக்கப்படுபவர் காசாளரே. ஒரே பொத்தானை இருமுறை அழுத்திப் பார்க்க என்ன செலவு? மெய்யான கணக்கில் வேண்டா. சோதனைக்கெனத் தனிப் பிரதி ஒன்றை மென்பொருள் அளிப்போரிடம் கேட்டுப் பெறுவோம். எழுத்தரும் நிர்வாகக் குழுவினர் இருவரும் ஒரு பிற்பகல் உடனமர்ந்தால் போதும்.

முன்பே தீர்ந்த கடன் கணக்குகளில் பத்தை எடுத்து மீண்டும் பதிந்து, விடையைப் பழைய பேரேட்டுடன் ஒப்பிடுக. இதைவிட மலிவான சோதனை வேறில்லை என்பது நமது கருத்து. ரூ. 10,000க்கு 12 சதவீதத்தில் 30 நாள் வட்டி, ஆண்டுக்கு 365 நாள் கொண்டால் ரூ. 98.63, 360 நாள் கொண்டால் ரூ. 100. நமது துணைவிதி கூறுவது எதுவோ, கணினியும் அதையே காட்ட வேண்டும்.

பிழைகள் பெரும்பாலும் எல்லைகளிலேயே ஒளிந்திருக்கும். ஆகவே பிப்ரவரி 29, மார்ச் 31 ஆகிய தேதிகளையும், கடன் உச்சவரம்பையும், அதனினும் ஒரு ரூபாய் மிகுந்த தொகையையும் இட்டுப் பார்க்க வேண்டும். நெசவாளர் சங்கமாயின், 40 கிலோ நூலிருப்பில் 50 கிலோ வழங்கியதாகப் பதிக. கணினி மறுக்கிறதா, வாய்மூடி ஏற்கிறதா?

இட்டதையும் வந்த விடையையும் ஒரு தாளில் எழுதி, தேதியிட்டுக் கையொப்பத்துடன் கோப்பில் வைப்போம். மென்பொருள் திருத்தப்படும்போதெல்லாம் அதே தாளைக் கொண்டு மறுபடியும் சோதித்தல் வேண்டும். ஒன்றைத் திருத்தப் புகுந்து மற்றொன்று கெடுவது இத்தொழிலில் சாதாரணம். தாளின் பிரதியொன்று காசாளரிடமும் இருக்கட்டும்.