வகைத் தரவுக்கு எந்தக் கணக்கு?

ரத்த வகையை ஏ-1, பி-2, ஏபி-3, ஓ-4 என்று கோப்பில் பதிந்துவிட்டுச் சராசரி கேட்டால், கணினி 2.3 என்று ஏதாவது ஒன்றைத் தயங்காமல் தந்துவிடும். அப்படியொரு ரத்தம் யார் உடம்பிலும் ஓடுவதில்லை. அமெரிக்க உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1946-இல் அளவைகளைப் பெயர், வரிசை, இடைவெளி, விகிதம் என நான்காகப் பிரித்தார். வகைத் தரவு முதல் இரண்டில் அடங்கிவிடும். எனவே முதலில் கேட்க வேண்டியது: வகைகளுக்குள் வரிசை உண்டா?

வரிசை இல்லையென்றால்
ரத்த வகை, தாய்மொழி, தொழில் போன்றவை பெயரளவை. எண்ணிக்கை, சதவீதம், முகடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரு பண்புகளுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்க, கார்ல் பியர்சன் 1900-இல் தந்த கை-வர்க்கச் சோதனை. தொடர்பு எவ்வளவு வலுவானது என்பதைக் கிராமர் வி சொல்லும்.

வரிசை உண்டென்றால்
வலியின் கடுமை, கல்வி நிலை, ‘திருப்தி – பரவாயில்லை – அதிருப்தி’ போன்றவை வரிசை அளவை. படிகளுக்கு இடையே சம தூரம் இருப்பதாக உறுதியில்லாததால் இடைநிலை அளவே பொருத்தம். இரு குழுக்களை ஒப்பிட மான்-விட்னி. அதற்கு மேல் குருஸ்கால்-வாலிஸ். இரண்டு வரிசைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஸ்பியர்மேன் அல்லது கெண்டால்.

டைட்டானிக்கில் பார்ப்போம்
பரவலாகப் பயன்படும் தரவுத் தொகுப்பின்படி உயிர் தப்பியோர்:

முதல் வகுப்பு: 325 பேரில் 203 (62%)
இரண்டாம் வகுப்பு: 285 பேரில் 118 (41%)
மூன்றாம் வகுப்பு: 706 பேரில் 178 (25%)

கை-வர்க்க மதிப்பு சுமார் 133. வகுப்புகளை எப்படி இடம் மாற்றிப் போட்டாலும் அதே 133தான் வரும். வரிசை அந்தச் சோதனையின் கண்ணில் படுவதே இல்லை. வகுப்பு இறங்க இறங்கப் பிழைக்கும் வாய்ப்பும் இறங்கியதா என்பதே உங்கள் கேள்வியென்றால், காக்ரன்-ஆர்மிடேஜ் போக்குச் சோதனைக்குப் போங்கள். ஆனால் கப்பல் பணியாளர்கள் 885 பேரையும் (தப்பியோர் 212) பட்டியலில் சேர்த்தால் கதை மாறும். ‘பணியாளர்’ என்பது நான்காம் வகுப்பு அல்லவே! வரிசை குலைந்துவிட்டதால் மீண்டும் கை-வர்க்கம்தான்.

இரண்டு எச்சரிக்கைகள்
இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண் எங்காவது 5-க்குக் கீழே போனால், ஃபிஷரின் துல்லியச் சோதனை நல்லது. அதே ஆட்களிடம் ‘ஆம் – இல்லை’ கேள்வியை முன்னும் பின்னும் கேட்டிருந்தால் மெக்நெமர். சாதாரணக் கை-வர்க்கம் அங்கே செல்லாது.

வரிசைத் தரவைப் பெயரளவையாக நடத்தினால் கொஞ்சம் தகவல் நழுவும், அவ்வளவுதான். பெயரளவைக்கு இல்லாத வரிசையைக் கற்பித்தால் முடிவே பொய்யாகும். சந்தேகம் வந்தால் ஒரு படி இறங்கியே கணக்குப் போடுங்கள்.