குறுகிய பாதை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இரண்டு இடங்களை இணைக்கும் எண்ணற்ற கோடுகளுள் நீளம் மிகக் குறைந்த கோட்டைத் தேடித் தரும் கணக்குமுறைக்கு மாறுபாட்டு நுண்கணிதம் என்று பெயர். பள்ளியில் படிக்கும் நுண்கணிதம், ஒரு சார்பு எந்த எண்ணில் மிகச் சிறிதாகும் என்று பார்க்கிறது. இங்கே தேடப்படுவது எண் அன்று, ஒரு முழுக் கோடு. 1744-இல் லெயோனார்ட் ஆய்லர் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். 1755-இல் பத்தொன்பதே வயதான லக்ராஞ்சு அவருக்குக் கடிதம் எழுதி, அதே விடைகளை இன்னும் எளிதாகப் பெறும் வழியைக் காட்டினார். ஆய்லர் தம் வழியை விட்டு இளைஞரின் வழியை ஏற்றார். இந்தத் துறைக்கு இன்றுள்ள பெயரையும் அதை ஒட்டியே சூட்டினார். கணித வரலாற்றில் இத்தகைய பெருந்தன்மை அரிது.

குறுகிய பாதையைப் பற்றிப் பொதுவில் புழங்கும் கருத்துகளில் பாதி உண்மையே மிகுதி. மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போவுக்குத் தென்மேற்கே இருக்கும் லகாட் என்ற ஊரை வைத்தே அவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். பக்கத்தில் கிளேடாங் மலைத்தொடர், சுற்றிலும் ஈயம் தோண்டியெடுத்த பள்ளங்களில் நீர் தேங்கி உண்டான குளங்கள், இடையிடையே பழைய பால்மரத் தோட்டங்கள் என்று சோதனைக்கு வேண்டிய எல்லா வகை நிலமும் அங்கே உண்டு.

நம்பிக்கை: நேர்கோடுதான் குறுகியது, அதற்கு நிறுவல் தேவையில்லை.

சமதளத்தில் நேர்கோடே குறுகியது என்பது சரி. நிறுவல் தேவையில்லை என்பது தவறு. ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் சேர்ந்தால் மூன்றாவதைவிட நீளம் என்று யூக்ளிட் முதல் நூலிலேயே நிறுவினார். அது முறிந்து முறிந்து செல்லும் கோடுகளுக்குப் போதும். வளைந்து செல்லும் எல்லாக் கோடுகளையும் ஒரே பிடியில் பிடிக்க ஆய்லரின் முறை உதவுகிறது. ஒரு கோடு மிகக் குறுகியது என்று வைத்துக்கொண்டு, இரு முனைகளையும் அசையாமல் நிறுத்தி, நடுப்பகுதியை மட்டும் இம்மியளவு அசைக்க வேண்டும். எந்தப் பக்கம் அசைத்தாலும் நீளம் குறையக்கூடாது. ஆகவே முதல் நிலை மாற்றம் சுழியாக இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் கோட்டின் சாய்வு m என்றால், m-ஐ 1+m²-இன் வர்க்கமூலத்தால் வகுத்துவரும் மதிப்பு கோடு முழுதும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே ஆய்லரின் சமன்பாடு இங்கே தரும் நிபந்தனை. அந்த மதிப்பு மாறாவிட்டால் சாய்வும் மாறாது. சாய்வு மாறாத கோடு நேர்கோடு.

நம்பிக்கை: மலைக்கு அந்தப் பக்கம் போக உச்சியைத் தாண்டுவதே குறுக்கு வழி.

மலையை ஒழுங்கான கூம்பாகக் கொண்டால் இந்தக் கருத்து எப்போதுமே பொய்த்துப்போகிறது. அடிவட்டத்தின் ஆரம் 1 கிலோமீட்டர், சரிவு 30 பாகை என்று கொள்வோம். அடிவாரத்தில் நேரெதிராக இருக்கும் இரண்டு இடங்களுக்கு இடையே அடிவாரத்தைச் சுற்றி நடந்தால் 3.14 கிலோமீட்டர். உச்சி வழியே ஏறி இறங்கினால் 2.31. கூம்பின் பரப்பை ஒரு பக்கம் வெட்டித் தரையில் விரித்தால் அது ஒரு வட்டக்கோணத் துண்டாகும்; அதில் இரு இடங்களையும் நேர்கோட்டால் இணைத்தால் 2.26 கிலோமீட்டர். இந்தப் பாதை சாய்வாக ஏறி, உச்சிக்குச் சரிவின் வழியே சுமார் 240 மீட்டர் இருக்கும்போதே வளைந்து இறங்கிவிடுகிறது. சரிவு கூடக்கூட வேறுபாடும் பெருகும். 60 பாகைச் சரிவில் உச்சி வழி 4 கிலோமீட்டர், அடிவாரச் சுற்று 3.14, குறுகிய வழி 2.83. சரிவு எவ்வளவாக இருந்தாலும் கூம்பின் உச்சி குறுகிய பாதையில் அகப்படாது. உண்மையான மலைகளில் உச்சி கூராக இருப்பதில்லை. மேடு பள்ளங்களுக்கு ஏற்ப விடை மாறும். ஆனால் உச்சியே குறுக்கு என்ற முடிவுக்கு அங்கேயும் ஆதாரமில்லை.

இங்கே அளக்கப்படுவது நீளம் மட்டுமே என்பதை மறக்கக்கூடாது. மலைச்சரிவுத் தோட்டங்களில் பால்மரங்களை ஒரே உயரத்தில் செல்லும் படிக்கட்டு வரிசைகளில் நட்டதற்குக் காரணம் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் தடுப்பது. 30 பாகைக் கூம்புக் கணக்கில் அந்த வழியே மிக நீளமானது. ஏற்றமே இல்லாதது என்பதால், பால் சுமந்து நடப்பவர்களுக்கு அதுவே இலகு. உழைப்பையோ நேரத்தையோ அளவாக வைத்தால் கணக்கு மாறும், முறை மாறாது. 1696-இல் யோகான் பெர்னூலி ஐரோப்பியக் கணித அறிஞர்களுக்கு விடுத்த புகழ்பெற்ற சவாலே நேரத்தைப் பற்றியதுதான்: ஒரு குண்டு எந்த வளைவில் உருண்டால் மிக விரைவில் கீழே வரும்? விடை நேர்கோடு அன்று, வட்டப்புள்ளியுரு எனும் வளைகோடு.

நம்பிக்கை: ஒரே அட்சரேகையில் உள்ள ஊர்களுக்கு அந்த ரேகை வழியே போவது குறுகியது.

லகாட் வடக்கு அட்சரேகை ஏறத்தாழ 4.5 பாகையில் இருக்கிறது. அதே ரேகையில் உலகின் நேர் மறுபக்கம் கொலம்பியாவின் பசிபிக் கரைக்கு அப்பாலுள்ள கடற்பரப்பு. வரைபடத்தில் இரண்டையும் இணைக்கும் நேர்கோடு அட்சரேகை வழியே செல்கிறது. அதன் நீளம் சுமார் 19,950 கிலோமீட்டர். வட துருவத்தின் மேலாகச் செல்லும் பெருவட்டப் பாதையோ சுமார் 19,000 கிலோமீட்டர்தான். பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகில் இருந்தும் அட்சரேகை 950 கிலோமீட்டர் அளவுக்குத் தோற்கிறது. தட்டையான படத்தில் நேராகத் தெரிவதெல்லாம் உருண்டையில் நேர் ஆகிவிடாது.

பெருவட்டம் என்ற விடையும் பூமியை முழு உருண்டையாக வைத்தால்தான் துல்லியம். துருவங்களில் அது சற்றுத் தட்டையானது. எனவே நில அளவையாளர்கள் நீள்கோளத்தின் மீது குறுகிய கோட்டைக் கணக்கிடுகிறார்கள். 1825-இல் பெசல் அதற்கு நடைமுறைக்கு ஏற்ற வழியை வகுத்தார். இதில் தமிழ் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்கு அருகில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் தரவுகளைக் கொண்டே ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் பூமியின் வடிவளவுகளை வெளியிட்டார். அவற்றைத் திருத்திய வடிவமே மலாயாவின் கெர்த்தாவ் அளவை முறைக்கு அடித்தளமாயிற்று. பரங்கிமலையில் விழுந்த சங்கிலியின் அளவு, இப்படிப் பேராக் தோட்டங்களின் எல்லைக் கணக்குவரை வந்து சேர்ந்தது.

நம்பிக்கை: ஆய்லரின் சமன்பாட்டை நிறைவுசெய்யும் கோடு குறுகிய கோடு.

பாடநூல்களைப் படித்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது. அந்தச் சமன்பாடு வேட்பாளர்களைத் தருகிறது, வென்றவரை அறிவிப்பதில்லை. லகாட்டிலிருந்து சென்னைக்குப் பெருவட்டத்தின் வழியே மேற்கு நோக்கியும் போகலாம், அதே வட்டத்தில் எதிர்த்திசையாக உலகைச் சுற்றியும் போகலாம். இரண்டும் சமன்பாட்டை நிறைவு செய்கின்றன; ஒன்றுதான் குறுகியது. இரண்டாம் நிலை மாற்றத்தை ஆராயத் தொடங்கியவர் லெஜாந்தர் (1786). பாதை எந்த இடத்தைத் தாண்டினால் குறுகிய தன்மையை இழக்கும் என்று காட்டியவர் யாகோபி (1837). உருண்டையில் அந்த இடம் புறப்பட்ட ஊரின் எதிர்ப்பாதம், அதாவது பூமியின் மையத்தினூடே அதற்கு நேரெதிரே இருக்கும் இடம். லகாட்டுக்கு அது தென்னமெரிக்காவில், ஈகுவடோரும் பெருவும் எல்லை கொள்ளும் பகுதியில் விழுகிறது. அந்த ஒரே இடத்தில் எல்லாத் திசையிலும் புறப்பட்ட பெருவட்டங்களும் ஒரே நீளத்தில் வந்து கூடுகின்றன. அதைத் தாண்டிச் செல்லும் எந்தப் பெருவட்டமும் குறுகிய பாதையாக நீடிப்பதில்லை.

நம்பிக்கை: குளம் குறுக்கிட்டால் கரைவரை நேரே போய்ச் சுற்ற வேண்டும்.

100 மீட்டர் ஆரமுள்ள வட்டக் குளம். நடுவிலிருந்து 200 மீட்டர் தள்ளி எதிரெதிரே இரண்டு இடங்கள். நேரே கரைக்குப் போய் அரைவட்டம் சுற்றி மீண்டும் நேரே சென்றால் 514 மீட்டர். புறப்படும்போதே கரையைத் தொட்டுச் செல்லும் தொடுகோட்டில் நடந்து, கரையோரம் 105 மீட்டர் மட்டும் வளைந்து, மறுபடி தொடுகோட்டில் விலகினால் மொத்தம் 451 மீட்டர். கரையோரப் பகுதியில் ஆய்லரின் சமன்பாடு பொருந்தாது. அங்கே பாதையை வெளிப்பக்கம்தான் அசைக்க முடியும், நீர்ப்பக்கம் முடியாது; ஆகவே சமன்பாட்டின் இடத்தில் ஒரு சமனிலிதான் கிடைக்கும். கரையையே தொடக்கூடாது என்று விதித்தால் குறுகிய பாதை என்று ஒன்று இல்லாமலே போய்விடும்: எந்தப் பாதையைக் காட்டினாலும் கரைக்கு இன்னும் நெருங்கிய, இன்னும் குறுகிய வேறொன்று இருக்கும்.

நம்பிக்கை: கைப்பேசி வழிகாட்டியும் இந்தக் கணிதத்தைத்தான் செய்கிறது.

ஈப்போவிலிருந்து லகாட்டுக்கு வழி கேட்டால் கைப்பேசி ஆராய்வது சந்திப்புகளையும் அவற்றை இணைக்கும் சாலைத் துண்டுகளையும்; இது வேறு, இரண்டாவது வகைக் கணக்கு. எண்ணிக்கையில் அடங்கும் இந்த வலைக்கு அடிப்படை முறையை 1959-இல் வெளியிட்டவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. நிரையில் உள்ள ஒவ்வொரு மரத்தையும் ஒரு தடவை தொட்டுத் திரும்பும் பால்வெட்டுத் தொழிலாளியின் குறுகிய சுற்று மூன்றாவது வகை. அது மரங்களை எந்த வரிசையில் அணுகுவது என்ற கேள்வி. மரங்கள் கூடக்கூட வரிசைகள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால், மூன்றிலும் அதுவே கடினமானது.