பண்டிகைப் பலகாரமும் குழந்தைகளின் பற்களும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் உள்ள சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆகிய பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். முன்னவருள் உழவர் மிகுதி. பின்னவருள் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைப்போர் மிகுதி. இரு மொழியினரின் பண்டிகைகளும் இவர்களுக்கு உரியவை. ஆவணியில் ஓணத்திற்குச் சர்க்கரை வரட்டியும் நேந்திரங்காய் வறுவலும், ஐப்பசியில் தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும், மார்கழியில் கிறிஸ்துமஸ் கேக்கும், தையில் சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் என, ஏறக்குறைய அரையாண்டுக் காலம் வீட்டுப் பலகார டின் அடிக்கடி நிரம்பிய வண்ணம் இருக்கிறது. குழந்தைகளின் பற்களைப் பற்றிய கவலை இந்த டின்னிலிருந்தே தொடங்க வேண்டும்.

எந்த இனிப்பு பல்லுக்கு நல்லது என்றே பெற்றோர் பலரும் கேட்கின்றனர். அதைக் காட்டிலும் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: ஒரு நாளில் எத்தனை முறை இனிப்பு வாய்க்குள் செல்கிறது என்பதே அது.

பல்லின் மேல் படியும் மெல்லிய ஏட்டில் வாழும் நுண்ணுயிரிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. இனிப்பு உண்ட சில நிமிடங்களிலேயே அந்த ஏட்டின் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்குகிறது. அந்நிலையில் எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்குகிறது. பின்னர் உமிழ்நீர் அமிலத்தை முறித்து, இழந்த தாதுப் பொருளில் ஒரு பகுதியைத் திரும்பப் படியச் செய்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். பகலுணவோடு ஒரு லட்டு முழுவதையும் உண்ணும் குழந்தையின் பற்கள் ஒரு முறை இத்தாக்குதலுக்கு உட்படுகின்றன. அதே லட்டைக் காலை முதல் மாலை வரை ஆறு முறை கிள்ளித் தின்னும் குழந்தைக்கோ தாக்குதல் ஆறு. உண்ட சர்க்கரை ஒன்றே, விளைவு வேறு.

இவ்வுண்மையை உறுதி செய்தது சுவீடன் நாட்டில் விபெஹோல்ம் மருத்துவமனையில் 1945ஆம் ஆண்டு தொடங்கி நடந்த ஆராய்ச்சியாகும். அங்கிருந்த மனவளர்ச்சி குன்றியோருக்கு அவர்களது ஒப்புதலின்றியே இனிப்புகள் வழங்கப்பட்டன. இன்றைய அறநெறி அதனை ஏற்காது. ஆயினும் 1954இல் வெளியான அதன் முடிவு மறுக்கப்படவில்லை. உணவோடு உண்ட சர்க்கரையால் பற்சொத்தை சிறிதளவே கூடியது; உணவு வேளைகளுக்கு இடையே தின்ற, பல்லில் ஒட்டும் டாஃபியால் மிகவும் கூடியது. பிற்காலத்தில் சுவீடன் நாட்டுப் பெற்றோர் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் தரும் வழக்கத்தைக் கைக்கொண்டதற்கு இதுவே அடிப்படை.

மறையூர் வெல்லம்

மலையாளத்தில் 'சர்க்கர' என்றால் வெல்லம். வெள்ளைச் சீனிக்குப் பெயர் 'பஞ்சசார'. இடுக்கியின் மறையூர், காந்தளூர் பகுதிகளில் கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கையால் உருட்டப்படும் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் மணமும் சுவையும் பெருமைக்குரியவையே. ஆனால் சீனிக்குப் பதில் வெல்லம் சேர்த்தால் பல் கெடாது என்ற எண்ணம் இப்பகுதியில் மட்டுமன்றிப் பரவலாகவே வேரூன்றியுள்ளது, அது தவறு. வெல்லத்தின் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே சுக்ரோஸ்தான். கருப்பட்டிக்கும் இது பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் 2015இல், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை அன்றாட எரிசக்தியில் 10 விழுக்காட்டிற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டிற்கும் குறைந்தால் மேலும் நன்று என்றும் கூறியபோது வெல்லத்திற்கு விலக்கு எதுவும் அளிக்கவில்லை.

ஒட்டும் தன்மையையும் கருத வேண்டும். சர்க்கரை வரட்டியில் மாவுப்பொருளும் வெல்லமும் சேர்ந்து கடைவாய்ப் பற்களின் பள்ளங்களில் அடைந்துகொள்கின்றன. உப்பிட்ட வறுவலும் முற்றிலும் தீங்கற்றதன்று. உமிழ்நீர் வெந்த மாவை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றிவிடுகிறது. பாயசமும் சர்க்கரைப் பொங்கலும் இலையில் உணவோடு பரிமாறப்படுவதால், இனிப்பு மிகுந்திருந்தும் டின்னில் கிடக்கும் பண்டங்களைவிட ஒருவகையில் மேலானவை. நம் முன்னோர் விருந்து முறையில் இந்த நன்மை தானாகவே அமைந்திருந்தது.

ஆதலின் அதிரசத்தை விலக்குமாறு ஒரு தாயிடம் கூறுவதால் பயன் விளையாது. விருந்து நாளில் உணவோடு அதனைக் கொடுத்து, அளவாகச் செய்து, எஞ்சியதை அண்டை வீடுகளுக்கு வழங்கிவிடுமாறு கூறலாம். இடைவேளைப் பசிக்குக் கடலைச் சுண்டல், உப்புக் கொழுக்கட்டை, கேழ்வரகு அடை, தேங்காய்க் கீற்று, மோர் ஆகியவை ஏற்றவை. இவற்றிற்குக் கடைக்குச் சென்று பொருள் வாங்க வேண்டியதும் அதிகமில்லை. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு நிலக்கடலை தொண்டையில் அடைக்கக் கூடுமாதலால் பொடித்தே தர வேண்டும். தோட்டங்களில் குழந்தைகளுக்கும் பலமுறை தரப்படும் இனிப்புத் தேநீரையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உறங்கும்போது உமிழ்நீர் குறைவதால், இரவில் பல் துலக்கியபின் இனிப்பு ஆகாது.

ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவை விழுந்து முளைப்பவை அல்ல. பாற்பல் என்று கருதி இவற்றின் சொத்தையைப் பெற்றோர் விட்டுவிடுவதால், வாழ்நாள் முழுதும் உதவ வேண்டிய பல் பள்ளிப் பருவத்திலேயே இழக்கப்படுகிறது. முதல் வகுப்பு ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் முதலில் பார்க்க வேண்டிய பற்கள் இவையே.

பாலக்காட்டின் கிழக்குப் பகுதிக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. அங்குச் சில இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டுகிறது. அந்நீரைப் பருகி வளரும் குழந்தைகளின் பற்களில் வெண் கோடுகளோ பழுப்புக் கறையோ தோன்றும். அதனைச் சொத்தை எனப் பதிவு செய்துவிடக் கூடாது. ஃப்ளோரைடால் வரும் கறை பெரும்பாலும் இருபுறத்துப் பற்களிலும் ஒத்த வடிவில் பரவியிருக்கும். சொத்தையோ ஒரு பள்ளத்திலோ இரு பற்களுக்கு இடையிலோ தொடங்கி, நாளடைவில் குழியாகும். இரண்டும் ஒரே வாயில் இருக்கவும் கூடும். முதலாவதற்கு மாற்றுக் குடிநீர் ஏற்பாடும், இரண்டாவதற்குப் பல் மருத்துவரும் தேவை. இப்பகுதிகளில் பற்பசையின் அளவிலும் கவனம் வேண்டும்: மூன்று வயதுக்குக் கீழ் ஓர் அரிசி மணியளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு, விழுங்காமல் துப்புகிறதா என்று பெரியவர் ஒருவர் அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.