டிரை ஐஸ்: வகுப்பறையில் பத்திரமாகச் செய்து காட்ட

1. டிரை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. அதன் குளிர் மைனஸ் 78 டிகிரி. சில நொடி கையில் பிடித்தாலே தோல் புண்ணாகிவிடும். ஆசிரியர் மட்டும், தடித்த கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, இடுக்கியால் எடுக்கட்டும்.

2. அன்று காலையிலேயே வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் மூடியை லேசாகச் சாத்தி வையுங்கள். பாட்டிலிலோ டப்பாவிலோ இறுக மூடவே கூடாது. ஒரு கிலோ கட்டி 500 லிட்டருக்கும் அதிகமான வாயுவாகும். போக வழியில்லாவிட்டால் வெடித்துவிடும்.

3. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். அதனால் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைக்காதீர்கள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். ஏசி அறை வேண்டாம்.

4. வாயகன்ற பாத்திரத்து வெந்நீரில் ஒரு துண்டு போட்டால் வெண்புகை பொங்கி வழியும். கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் குளிர்ந்து துளியான நீராவி. பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரு ஜக்கில் துண்டு போட்டு, அதில் சேர்ந்த வாயுவை மட்டும் தண்ணீர் ஊற்றுவதுபோல் அதன்மேல் சாய்த்தால் சுடர் அணையும்.

5. எனக்கு மிகவும் பிடித்தது ஆரத்தி சோதனை. பிளாஸ்டிக் டம்ளர் தண்ணீரில் சிட்டிகை மஞ்சள்தூள் கலக்கி, தெளிந்த சுண்ணாம்பு நீரைத் துளித்துளியாக விடுங்கள். சிவந்ததும் நிறுத்திவிடுங்கள், சுண்ணாம்பு கூடினால் நிறம் திரும்ப வெகுநேரமாகும். இனி புளியங்கொட்டை அளவு டிரை ஐஸ் போடுங்கள். குமிழ்கள் கொப்பளிக்கக் கொப்பளிக்க, சிவப்பு வெளுத்து மஞ்சள் திரும்பும். நீரில் கரைந்த வாயு அமிலமாகிச் சுண்ணாம்பின் காரத்தைத் தணிக்கிறது. வீட்டு விசேஷங்களில் பார்த்த ஆரத்தி நீர் கண்ணெதிரே பழைய நிறத்துக்கு வருவதைப் பார்த்த பிள்ளை அமிலம், காரம் பாடத்தை மறக்காது.

6. வெந்நீரில் நனைத்த ஸ்பூனைத் துடைத்துக் கட்டிமேல் அழுத்துங்கள். சூட்டில் கிளம்பும் வாயு ஸ்பூனை அதிரவைக்க, கிறீச்சென்று அலறும்.

7. எதையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது, டம்ளர் நீரையும்கூட. 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய்ப் புத்துணர்ச்சிக்கென்று டிரை ஐஸைக் கொடுத்துவிட, சாப்பிட்டவர்கள் இரத்தம் கக்கி மருத்துவமனைக்குப் போனார்கள்.

8. மீந்ததைச் சிங்க்கில் கொட்டினால் குழாய் விரிசல் விடும். பிள்ளைகளுக்கு எட்டாத திறந்த வெளியில் வைத்துவிடுங்கள். தானே ஆவியாகிப் போய்விடும்.